அம்மா தபால்ல போடாத லெட்டர்

டெட்டாலும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசன...

எங்க அம்மா புடவைல எப்பவும் அதுதான் இருக்கும். எத்தன தடவ துவைச்சாலும் போகாது.

வருஷத்துக்கு ரெண்டே தடவதான் எனக்கு அந்த வாசன கெடைக்கும். மே லீவு, கிறிஸ்மஸ் லீவு. மத்த நாளெல்லாம் நான் கிழக்கு தாம்பரத்துல, மிஷனரி பசங்களுக்கான ஹாஸ்டல்ல. அம்மாவும் அப்பாவும் ஒரிசால ஒரு மலைக் கிராமத்துல. அப்பா அங்க ஸ்கூல் நடத்துனாரு. அம்மா நர்ஸ். பிரசவம், புண்ணு, மலேரியான்னு வீடு வீடா ஓடுவாங்க. ஒவ்வொருத்தர் கட்டில் பக்கத்துலயும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாங்க.

லீவுக்கு நான் போனா, அந்த ஊர்ல சின்னது பெருசு எல்லாம் அவங்கள "மா"ன்னுதான் கூப்பிடும். எனக்கு பத்திக்கிட்டு வரும்.

நான் ஏழாவது படிக்கும்போது டைஃபாய்டு வந்துச்சு. ஹாஸ்டல் சிக் ரூம்ல போட்டுட்டாங்க. வார்டன் அக்கா அம்மாவுக்கு தந்தி அடிச்சாங்க. "நாலு நாள்ல வந்துடுவாங்க கிருபா"ன்னு சொன்னாங்க.

நாலு நாள் ஆச்சு. அஞ்சாச்சு.

ஆறாவது நாள் மத்தியானம் அம்மா வந்து நின்னாங்க. கால் ரெண்டும் வீங்கி, செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தி இருந்துச்சு. நான் செவுத்து பக்கம் திரும்பிப் படுத்துட்டேன்.

ரெண்டு நாள் பேசவே இல்ல ஃப்ரெண்ட்ஸ். கஞ்சி ஊட்டுனா வாய தொறப்பேன், அவ்ளோதான். அம்மா தரையில பாய் போட்டு அங்கயே இருந்தாங்க. ஏன் லேட்டுன்னு அவங்களா ஒரு வார்த்த சொல்லல.

மூணாவது நாள் என்னால முடியல. "ஏன் வரல?"ன்னு கேட்டேன்.

"கெளம்பி வாசலுக்கு வந்துட்டேன்டி. அப்போ ஒரு பொண்ண தூக்கிட்டு வந்தாங்க. கொழந்தைக்கு கால் மொதல்ல வந்துடுச்சு. மழைல ரோடு போச்சு, ஜீப் வரல. நான் விட்டுட்டு வந்திருந்தா ரெண்டு பேருமே..."

பாதில நிறுத்திட்டாங்க. அப்புறம் மெதுவா, "உனக்கு காய்ச்சல்னு தெரிஞ்சேதான் இருந்தேன். அது சரியா தப்பான்னு எனக்கே தெரியல. ஆண்டவர்ட்ட கேட்டுட்டேதான் இருக்கேன்"னாங்க.

வசனம் எதாவது சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சொல்லல. அழுதாங்க. எங்க அம்மா அழுது நான் பாத்தது அதுதான் மொத தடவ.

கண்ண தொடச்சிட்டு, "பொண் கொழந்த. உன் பேரத்தான் வெச்சிருக்காங்க"ன்னு சிரிச்சாங்க.

"என் பேரையும் அங்க குடுத்துட்டியா?"ன்னு கத்துனேன் பாருங்க... வார்டன் அக்கா ஓடி வந்துட்டாங்க!

மறுநாள் அம்மா குளிக்கப் போனப்போ சீப்பு எடுக்க அவங்க பைய தொறந்தேன். உள்ள ஒரு கவர். மிஷன் ஆபீஸுக்கு எழுதுன லெட்டர். ஒட்டல. எடுத்துப் படிச்சிட்டேன்.

"என் மகளுக்கு நான் தேவைப்படுகிறேன். ஊழியத்திலிருந்து என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

எனக்கு தல கால் புரியல. அம்மா இனிமே இங்கதான்! வீடு எங்க எடுப்பாங்க, அஸ்தினாபுரத்துலயா, குரோம்பேட்டைலயான்னு படுத்துக்கிட்டே பிளான் போட்டேன். ஆனா கண்ண மூடுனா அந்தப் பாப்பாவோட காலுதான் தெரிஞ்சுது. குட்டி கால்... மொதல்ல வந்த கால்.

பத்து நாள் கழிச்சு அம்மா கெளம்புனாங்க. சாமான் எடுத்துட்டு அப்பாவோட திரும்பி வர்றதுதான் அவங்க பிளான் போல. என்கிட்ட சொல்லல. நானும் வார்டன் அக்காவும் வழியனுப்ப தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்ஃபார்ம்ல தபால் பெட்டி பக்கத்துல அம்மா நின்னாங்க. கவர் கைல.

"நான் படிச்சிட்டேம்மா."

திரும்பிப் பாத்தாங்க.

"போடாத."

"ஏன்டி?"

"அடுத்த பாப்பாவுக்கும் கால் மொதல்ல வந்தா?"

அம்மா அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாங்க. என்ன மடில போட்டுக்கிட்டாங்க... ஏழாவது படிக்கிற பொண்ண! ரெண்டு எலக்ட்ரிக் ட்ரெயின் வந்து போச்சு. கவர திரும்ப பைல வெச்சிட்டு மூணாவதுல ஏறுனாங்க.

நான் பெரிய தியாகி எல்லாம் இல்ல. அடுத்த ஒரு வாரம் பாத்ரூம்ல தண்ணிய தொறந்து விட்டுட்டு அழுதேன். "வந்துடு"ன்னு ரெண்டு தடவ லெட்டர் எழுதிக் கிழிச்சேன். இன்னிக்கும் சில நாள் தோணும்... போடட்டும்னு விட்டிருக்கலாமோன்னு. அம்மாவுக்கும் தோணுமாம். ஒரு நாள் அவங்களே சொன்னாங்க.

அந்த இன்னொரு கிருபா இப்போ அதே மலைல நர்ஸ். வீடியோ கால்ல "மா"ன்னு ஆரம்பிச்சா அம்மாவும் அவளும் அந்த மலை ஜனங்களோட குவி பாஷைல ஒரு மணி நேரம் பேசுவாங்க. எனக்கு பாதி புரியும். இப்பல்லாம் பொறாம இல்ல... சரி, கொஞ்சம்தான்.

அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா என்கூட ஊரப்பாக்கம் ஃப்ளாட்லதான். அப்போ வருஷத்துக்கு ரெண்டு லீவு. இப்போ தெனமும் அம்மா. தெனமும் சண்ட! ஊறுகாய ஒளிச்சு வெச்சா கண்டுபிடிச்சு சாப்பிடுவாங்க, பிபி மாத்திர போட மாட்டாங்க. நான் ஆபீஸ் போற அவசரத்துல டிபன் சாப்பிடாம ஓடுனா லிஃப்ட் வரைக்கும் வந்து திட்டுவாங்க.

நேத்து மழை. குடை எடுத்துட்டுப் போன்னு மூணு தடவ சொன்னாங்க. எடுக்கல. சொட்டச் சொட்ட வந்து நின்னேன். டவல எடுத்துட்டு வந்து, ஸ்டூல்ல உக்கார வெச்சு, நாப்பத்தெட்டு வயசுப் பொண்ணுக்கு தல துவட்டிக்கிட்டே பத்து நிமிஷம் திட்டுனாங்க.

தல எப்பவோ காஞ்சு போச்சு. நான்தான் எழுந்துக்கல.