அப்பா கொடுத்த நிலம், ஊர் ஏறாத ரயில்

அப்பா காலமான அன்று, துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் தெருமுனையில் நின்று, "ஸ்டேஷன்காரர் வீடு எங்கன?" என்று கேட்டார். "ஸ்டேஷன் முன்னாலயே போயிருச்சு, இப்ப அவுகளும் போயிட்டாக" என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். இந்த நினைவு மலரில் அந்த ஸ்டேஷனின் கதையை எழுதியே தீருவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவரல்லர். மார்க்கையன்கோட்டையில் பிறந்து, ஆண்டிபட்டிப் பக்கம் இந்த வானம் பார்த்த ஊரில் பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிக் காடு திருத்திக் கடலை போட்டவர். தேனிக்குத் தண்டவாளம் போட்டபோது, நம் ஊருக்கும் ஒரு ஸ்டேஷன் வேண்டுமென்று பெரியவர்கள் கேட்டுக்கொள்ள, இருந்ததில் நல்ல நிலத்தை விட்டுக்கொடுத்தார். நிலம் நம்முடையது, பலகையில் எழுதிய பெயரோ ஓடைக்கு அக்கரை ஊருடையது. அவ்வளவுதான். அவர்கள் பெயர் போட்ட ஸ்டேஷனில் ஏறமாட்டோம் என்றது நம் ஊர். நம் நிலத்தை மிதிக்கமாட்டோம் என்றது அக்கரை. தேனிச் சந்தைக்குப் போக இரண்டு ஊர்ச் சனமும் மூட்டையைச் சுமந்துகொண்டு ஆண்டிபட்டி வரை நடந்து, அதே ரயிலில் ஏறியது!

அப்பா மட்டும் இங்கேயே ஏறினார்; சில நாள் வெறுங்கையோடு.

"என்ன மச்சான், எஞ்சின் டிரைவருக்குப் பேச்சுத் துணைக்குப் போறீகளா?" என்பார் என் தாய்மாமா.

"ஆள் ஏறலேன்னா வண்டிய நிப்பாட்ட மாட்டாக மாப்ளே. பெறகு நெலம் குடுத்தது எதுக்கு?" என்பார் அப்பா.

உலகப் போர் வந்தது. இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அப்பா மேஸ்திரியிடம் போய், "இரும்பக் கொண்டுபோங்க. எடத்த எனக்கே விட்ருங்க" என்றார்.

"எடம் சர்க்காரோடது பெரியவரே, தள்ளி நில்லுங்க."

அதன்பின் அப்பா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கூட வந்து ஒரு வார்த்தை சொல்ல இரண்டு ஊரிலும் ஆளில்லை. ஸ்டேஷன் கூரை ஓடுகளைக் கழற்றிப்போக மட்டும் இரண்டு ஊரிலும் ஆளிருந்தது. மூச்சிரைப்பில் படுத்த பிறகும், "தண்டவாளச் சல்லிக்கல்லப் பொறுக்கிட்டாக் கடலை போடலாம்டா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி நாட்களில் அருகிலிருந்து பார்த்துக்கொண்ட அத்தைக்கும், மருந்து கொடுத்த வைத்தியருக்கும், பந்தலில்கூட ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாலும் வந்துபோன இரண்டு ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மறுபடியும் தண்டவாளம் வரும் என்கிறார்கள். அதற்குள் பெயர்ச் சண்டையும் தொடங்கிவிட்டது. நான் காத்திருக்கப் போவதில்லை. வருகிற மழைக்கு அந்த நிலத்தில் ஏர் பூட்டப் போகிறேன். தடுக்க நினைப்பவர்கள் இரண்டு ஊரும் சேர்ந்தே வாருங்கள். ஒரு தடவையாவது சேர்ந்து வந்ததாக இருக்கட்டும்.