செல்லாக் காசெல்லாம் செலவான கதை

அவர்கள் இருவருக்கும் அறிமுகம் ஆனதே ஒரு சண்டையில்தான். மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில், காசு போட்டுப் பேசும் தொலைபேசி ஒன்று இருந்தது. பேசவிட்டதைவிட அது விழுங்கியதுதான் அதிகம். கை உடைந்து, கால் உடைந்து வந்தவர்களின் சொந்தக்காரர்கள் அதன் தலையில் குட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, கடைசியில் எக்ஸ்ரே அறைக் கதவைத் தட்டுவார்கள். உள்ளே வேலை பார்த்த அவள் படம் எடுப்பாளா, ஃபோனுக்குப் பஞ்சாயத்துப் பண்ணுவாளா? தொலைபேசி அலுவலகத்தைக் கூப்பிட்டு ஒருநாள் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டாள். மறுநாள் தோளில் ஒரு பையோடு ஒல்லியாக ஒருவர் வந்து நின்றார்.

"நேத்து கத்தினது நீங்கதானா? போனை எடுத்த எங்க மேனேஜர் இன்னைக்கு லீவு."

"வம்பு பேசாம வேலையைப் பாருங்க."

அவர் பெட்டியைத் திறந்து தொண்டைக் குழாயைக் கழற்றினார். பட்டன், இரும்பு வாஷர், வளைந்த சில்லறை என்று கொட்டியது. எல்லாவற்றுக்கும் அடியில், நடுவில் ஓட்டை போட்ட சிறிய வெளிநாட்டுக் காசு ஒன்று. அதை விளிம்பில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியபோது அந்த மனிதரின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி ஒரு முகம்.

"எங்கிருந்து வந்திருக்கு பாருங்க! யாரோ இதைப் போட்டு யார்கிட்டயோ பேசப் பாத்திருக்காங்க."

"பேசினாங்களா?"

"எங்க? மெஷின் ஒத்துக்கலையே."

செல்லாத காசு அலுவலகத்துக்கு வேண்டாம், எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம். ஊர் முழுக்க இருந்த தொலைபேசிப் பெட்டிகளின் தொண்டையிலிருந்து அப்படித்தான் அவருடைய சேகரிப்பு பாதி வளர்ந்தது. மீதி, மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பழைய சாமான் கடைகளில் வாங்கியது. கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் 'காசுக்காரர்' என்றார்கள். கையில் காசே தங்காதவருக்கு அப்படியொரு பேர்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமியார்தான் அவளிடம் மூலக்கதையைச் சொன்னாள். சின்ன வயதில் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுப் படுத்துக் கிடந்தானாம். அழுகையை நிறுத்த வழி தெரியாமல் அப்பா ஒரு தகர டப்பா நிறையப் பழைய காசைக் கொட்டிக் கொடுத்திருக்கிறார். காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்து ராஜாக்களின் தலைகளை எல்லாம் எடுத்தானாம். "கால் சரியாயிடுச்சு. இது மட்டும் சரியாகலை. இனிமே உன் பாடு" என்றாள் மாமியார்.

முதலில் அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. காசைத் தொடுவதற்கு முன் கை கழுவுவார். சாப்பிடுவதற்கு முன் கழுவ மாட்டார். காசின் முகத்தில் விரல் படக்கூடாது, விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். ஒருமுறை அவள் பாவம் பார்த்து, கறுத்துப்போன ஒரு செப்புக் காசைச் சோப்பு போட்டுத் தேய்க்கப் போனாள். கையைப் பிடித்துவிட்டார்.

"அது அழுக்கு இல்லம்மா, வயசு. அதைச் சுரண்டக் கூடாது."

மகனுக்கு இரண்டு வயது நடக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவளுக்கு அன்று வேலை. அவர் காசுகளைத் தரையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார், அவ்வளவுதான். பிள்ளை கண் பிதுங்க இருமுவதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓடியவர், அவளுடைய எக்ஸ்ரே அறைக்கே வந்து சேர்ந்தார். யார் யார் பிள்ளையையோ அந்த மேஜையில் படுக்க வைத்தவள், அன்று தன் பிள்ளையைப் படுக்க வைத்தாள். "ஆடாதடா, ஆடாதடா ராசா" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

படம் வந்தது. வயிற்றுக்குள் வெள்ளை வட்டம், நடுவில் கறுப்புப் பொட்டு.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர், "நல்லவேளை, ஓட்டைக் காசுதான்" என்றார்.

ஓரம் வழவழப்பான சின்னக் காசு, குடலைக் கீறாது என்ற அர்த்தத்தில் சொன்னதாக அவர் பின்னால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அவள் காதில் அப்படி விழவில்லை. காணாமல்போன காசு இருக்கும் இடம் தெரிந்துவிட்ட நிம்மதியைத்தான் அவள் கேட்டாள். டாக்டர் தானாக வெளியே வந்துவிடும் என்றார், வந்தும் விட்டது. அவர் அதைக் கழுவித் துடைத்து, ஆல்பத்தில் அதன் இடத்திலேயே செருகினார். அப்போதுதான் அவளுக்குத் தலைக்கேறியது.

"என் பிள்ளை வயித்துலேர்ந்து வந்ததைக்கூட அடுக்கி வைப்பீங்களா? ஒண்ணு அது இருக்கணும் இந்த வீட்டுல, இல்ல நான் இருக்கணும்."

அவர் ஆல்பங்களைக் கட்டி எடுத்துக்கொண்டுபோய் அலுவலக லாக்கரில் பூட்டினார். மகன் பள்ளிக்கூடம் போனான், வளர்ந்தான், வேலைக்கென்று வேறு ஊர் போனான். அத்தனை வருஷமும் வீட்டில் காசுப் பேச்சே இல்லை. ஞாயிறு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "சங்கம் வரைக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். நாணயம் சேர்க்கிறவர்கள் நாலைந்து பேர் கூடும் இடம் அது. அவளும் கேட்டதில்லை. அன்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் ஒரு அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணுகிற மாதிரி.

ஓய்வு பெற்ற அன்று ஆல்பக் கட்டுகளோடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே கொண்டுவரலாமா என்பது போல அவளைப் பார்த்தார். அவளுக்கு மனசு என்னவோ செய்தது. துணி அலமாரியில் மேல் தட்டு இரண்டையும் ஒழித்துக் கொடுத்து, "தூசி தட்டுறது உங்க பொறுப்பு" என்றாள். அன்றிரவு அவர் இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார். பிறகு கொஞ்ச வருஷம் நன்றாகவே போயிற்று. அவள் பேப்பர் படிப்பாள், அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பார். யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஒரு நாள் அவள் கடைக்குப் போய்விட்டு வந்தபோது சமையலறைத் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பழைய பல் பிரஷ்ஷும் பற்பசையுமாக நின்று காசுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துண்டின்மேல் வரிசையாகப் பளபளவென்று காய்ந்தன.

"பாரேன், புதுசு மாதிரி ஆயிடுச்சு!"

"இத்தனை வருஷம் கழிச்சாவது புத்தி வந்துச்சே" என்று அவள் சிரித்தாள். அன்று சந்தோஷப்பட்டதுதான் பின்னால் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

சங்கத்தில் அவருக்கு நெருக்கம் என்றால் கடிகாரக்காரர்தான்; தெருமுனையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தார், மனைவியை இழந்தவர். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர் ஆல்பத்தைப் பிரித்ததும் பேயறைந்தவர் போல ஆகிவிட்டார். போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. இவரைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டு."

"ஏன் அண்ணே? நல்லாத்தானே இருக்காரு?"

"காசைத் தேய்ச்சிருக்காரும்மா. எங்களுக்கெல்லாம் தேய்க்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்ததே அவர்தான்."

டாக்டர் எடுக்கச் சொன்ன தலை ஸ்கேனை அவளும் பார்த்தாள். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மறதி இனி கூடும், மருந்து வேகத்தைத்தான் குறைக்கும் என்றார். அவர் டாக்டரின் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் செலவு செய்ய ஆரம்பித்தார். காலையில் நடந்துவிட்டு வருகிறவர் ஒரு நாள் கையில் பன்னோடு வந்தார். காசு ஏது என்று கேட்டால், "இருந்துச்சே" என்றார். அலமாரியைத் திறந்தாள். ஆல்பத்தில் ஒரு வரிசை முழுக்கப் பொத்தல் பொத்தலாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து ஒரு பழைய வெள்ளிக் காசை எடுத்து நீட்டினார். முடிதிருத்துபவர் கண்ணாடிக்கு முன்னால் இரண்டை வைத்திருந்தார்.

"வேணாம்னா முகம் சுண்டிப்போகுது அக்கா. அதான் வாங்கி வெச்சேன். நீங்க வருவீங்கன்னு தெரியும்."

அலமாரியைப் பூட்டிப் பார்த்தாள். அவர் கதவைப் பிறாண்டிக்கொண்டு, "வெளியே போகக் காசு வேணாமா? சும்மா கை நீட்டச் சொல்றியா?" என்று அழுதார். புழங்குகிற சில்லறையைக் கொடுத்தாள். விளிம்பில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னுது இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பூட்டைத் திறந்துவிட்டாள். தெருக் கடைக்காரர்களிடம் சொல்லி வைத்தாள்: கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், சாயங்காலம் நான் வந்து மீட்டுக்கொள்கிறேன். தினமும் சாயங்காலம் கடை கடையாகப் போய்ச் செல்லாக் காசை வாங்கி, செல்லுகிற காசைக் கொடுத்தாள். எந்தக் காசு எந்தப் பொத்தலுக்கு என்று தெரியாது. பொருந்துகிற இடத்தில் செருகுவாள். தான் வெறுத்த சாமானையே மடியில் கட்டிக்கொண்டு நடக்கும்படி ஆகிவிட்டதே என்று சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது.

மகனிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"மொத்தத்தையும் வித்துடும்மா. இருக்குறவரைக்கும் இப்படித்தான் அலைவாரு."

"வித்துட்டா அவரு எதை வெச்சுக்கிட்டு வெளியே போவாரு?"

மகன் வருகிறேன் என்றான், வேலை விடவில்லை.

ஒரு நாள் அவர் வழக்கமான தெருவைத் தாண்டிப் போய்விட்டார். புதிதாகத் திறந்த பழக்கடை. தேடிக்கொண்டு போனவளுக்குத் தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது. "ஆளைப் பார்த்தா பெரிய மனுஷன் மாதிரி இருக்கு, கள்ளக் காசு குடுக்கிறான்" என்று கடைக்காரன் கத்திக்கொண்டிருந்தான். யாரோ அவருடைய சட்டையைப் பிடித்திருந்தார்கள். அவர் உள்ளங்கையை விரித்து, "நல்ல காசு தம்பி, நல்லா பாரு, நல்ல காசு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ தள்ளினார்கள். காசெல்லாம் சிதறின. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், கீழே விழுந்து கிடந்தவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"உடம்புக்கு முடியாதவருய்யா! வயசானவரு மேல கை வைக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்றவள் குரல் அந்தத் தெருவுக்கே கேட்டது. கூட்டம் கலைந்தது. கடைக்காரன் இரண்டு ஆப்பிளை ஒரு பையில் போட்டு நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் வெளியே போகவில்லை. செருப்பை எடுத்து வைத்தாலும் மாட்டவில்லை. அலமாரி திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடை கடையாக அலைந்த சாயங்காலங்களே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கடிகாரக்காரர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். ஆல்பத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். அவர் வந்தால்தான் இவருக்குக் கொஞ்சம் உயிர் வரும். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு காசை உருவி, "வெச்சுக்கங்க, உங்ககிட்ட இது இருக்காது" என்பார். கடிகாரக்காரர் மறுப்பது போல மறுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். போகும்போது வாசலில் அதை அவள் கையில் கொடுத்துவிடுவார். "உள்ளே வெச்சிடு தங்கச்சி."

மழைக்காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஒரு ஞாயிறு, இவர் உருவியது அந்தப் பழைய தங்கக் காசை. சேகரிப்பிலேயே அது ஒன்றுதான் தங்கம்; கல்யாணத்துக்கு முன்பே எங்கோ வாங்கியது, அவளுக்கே தெரியும். கடிகாரக்காரர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அன்று இருவரும் ஏதோ பழைய கதை பேசிச் சிரித்தார்கள். இவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவள் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டு நின்றாள்.

வாசலில் கடிகாரக்காரர் செருப்பை மாட்டினார். குடையை விரித்தார். அவள் கை பாதி நீண்டிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வரேன் தங்கச்சி."

சட்டைப்பை லேசாகத் தொங்குவது தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் கேட்ட பிறகு அந்த மனிதர் எந்த முகத்தோடு இந்த வீட்டுப் படி ஏறுவார்? உள்ளே இவர், "போயிட்டாரா? மறுபடி எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நீட்டிய கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமா வாங்க அண்ணே" என்றாள்.