சாமி கேட்ட சுருட்டு

அடுத்தவர் வாயை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு அமராவதிக்கு வாய்த்தது. மலேசியாவின் கோலசிலாங்கூரில் டாக்டர் உமாபதியின் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கத்தான் சேர்ந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் டாக்டருக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. தன்னிடம் வருகிறவர்களைப் புகைப்பதை விட வைத்தே தீருவது! விட்டுவிட்டேன் என்று சொன்னவர்களை அவர் நம்பவில்லை, அவளுடைய மூக்கை நம்பினார்.

கண்றாவி வாய்கள்! ஒருவன் கிராம்பை மென்றுகொண்டு வருவான். தங்கராஜு என்று ஒருவன், மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே அம்மா மேல் சத்தியம் செய்வான். எல்லாவற்றுக்கும் அடியில் ஊறிப்போன புகையிலை நாற்றம் வீசும். மனித ஜென்மங்களா இவை என்று இருக்கும் அவளுக்கு. மதியம் சோறு இறங்காது.

ஒரே ஒரு வாய் மட்டும் சுத்தமாகி வந்தது. அது அவளுடைய அண்ணன் கார்த்திகேசுவின் வாய். ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன். புகை இரத்தக் குழாயை அடைத்து, இடது கால் விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன.

"இனி ஒண்ணு பிடிச்சாலும் கிள்ளான் ஆஸ்பத்திரியில காலை எடுத்துடுவாங்க," என்றார் டாக்டர். அண்ணன் அன்றோடு விட்டான். மாதக்கணக்கில் தொடவில்லை. அவனை மோந்துவிட்டுத்தான் அமராவதி அந்த வேலையில் முதல்முறையாகச் சிரித்தாள்.

ஆடியில் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழா வந்தது. வருஷா வருஷம் சாமி இறங்குவது கார்த்திகேசு மேல்தான். இறங்கினால் சுருட்டுக் கேட்கும். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"நீ கவலப்படாத தங்கச்சி, இந்த வருஷம் நான் ஆடலே லா," என்றான் அண்ணன்.

கிளினிக்கை மூடிவிட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் ஆடிக்கொண்டிருந்தான். வாயில் விரல் தடிமனுக்குச் சுருட்டு புகைந்தது. பக்கத்தில் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டு பக்தியோடு நின்றான் தங்கராஜு. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், அண்ணன் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிச் சேற்றில் வீசினாள்.

"என்னாம்மா இது, சாமி வாயிலேர்ந்து புடுங்குற!" என்று கத்தினார் கோயில் தலைவர் சன்னாசி.

"சாமிக்கு வேணும்னா கல்லுக்கு முன்னால வைங்க! அழுகுறது எங்கண்ணன் காலு!"

கார்த்திகேசு கண்ணைத் திறந்தான். அவளை அவனுக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. ஒரு கணம் முகம் சுருங்கியது. அப்புறம் பார்வை தங்கராஜுவின் கைக்குப் போயிற்று. போனது அங்கேயே நின்றுவிட்டது.

"தீட்டோட வந்துருக்கா!" என்று சாமிக் குரலில் உறுமினான். "இவள வெளியே தள்ளுங்கடா!"

இரண்டு ஆண்கள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். தூ என்று துப்பினாள். திரும்பிப் பார்த்தபோது, அண்ணன் கறுத்த விரல்களை ஊன்றி எம்பி, தங்கராஜு நீட்டிய சுருட்டைக் கவ்விக்கொண்டிருந்தான்.