கட்டத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு

அலுவலகத்தில் அவளுக்குக் கட்டக்காரி என்று பெயர். இணையப் படிவங்களில் பெயர், தேதி, முகவரி கேட்கும் கட்டங்களை வடிவமைப்பதுதான் பதினொரு வருடமாக அவள் வேலை. சரியாக நிரப்பினால் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு. தப்பென்றால் சிவப்பு, அடியில் என்ன தப்பென்று ஒரு வரி. அந்த வரியைத்தான் போன மாதம் மேனேஜர் எடுக்கச் சொன்னார்.

"பக்கம் பூரா ஒரே புலம்பலா இருக்கும்மா. கோடு போதும்."

அவளும் எடுத்துவிட்டாள்.

காது கேளாத குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைக்கான படிவம் அது. வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். ஆறு வயது முடிந்தால் சேர்க்கமாட்டார்கள். அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் ஆறு. இன்று ஐந்து மணியோடு கடைசி.

நாலே முக்காலுக்கு அண்ணன் போன் செய்தார்.

"பொத்தானை அமுக்கினா கிணத்துல போட்ட கல்லு மாதிரிக் கெடக்கும்மா."

"எந்தக் கட்டம் சிவப்பா இருக்குண்ணே?"

"எங்கிட்டப் போய் நிறம் கேக்கிறியே. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். சின்ன வயதிலிருந்தே பழுத்த தக்காளி வாங்கி வா என்றால் பச்சைக் காயாகப் பொறுக்கி வருவார், வீடே சிரிக்கும். முப்பது வருடமாகச் சிரித்தவளுக்குக் கோடு வரையும்போது அந்தத் தக்காளி ஞாபகம் வரவில்லை.

வரியை அவள் அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தாள். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். கேட்காமலே திறந்துவிட்டாள்.

"அண்ணே, பக்கத்தைப் புதுசாத் திறங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, எழுதினதெல்லாம் போயிடுச்சே."

பதினாறு கட்டம், எட்டு நிமிடம். அண்ணன் ஒற்றை விரலால் தட்டுகிறவர். போனில் டொக், டொக் என்று கேட்டது. அண்ணி முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் குழந்தை தகர டப்பாவைப் போட்டுத் தட்டியது. அதற்கு அந்தச் சத்தம் தெரியாது, நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் நேரமில்லை.

நாலு ஐம்பத்தெட்டுக்கு அண்ணன் சொன்னார்: "அடியில ஏதோ வருது. மாதம் எழுதுற இடத்துல இருபத்திமூணு இருக்காம்."

"நாளையும் மாதத்தையும் மாத்திப் போட்டிருக்கீங்க. திருத்துங்க, பேசாதீங்க."

டப்பாச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு வரி வந்திருக்கு. என்ன நிறம்னு மட்டும் கேக்காதே."

"படிங்கண்ணே."

"விண்ணப்பம் பெறப்பட்டது."

அவள் போனை மேசையில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். திரையின் ஓரத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. படிவத்தைத் தொடங்கியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அனுப்பியவர்கள் முந்நூற்று எழுபத்தொன்று. மணி ஐந்தானதும் இரண்டு எண்ணும் அப்படியே நின்றன.

மேனேஜர் வந்தார். "யாரைக் கேட்டும்மா மாத்தினே?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"மிச்சம் நாப்பத்தொரு பேருக்கு இங்க தங்கச்சி இல்ல சார்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி மூன்று நிமிடம்.