வசந்தி அக்கா உட்கார்ந்த வாங்கு

விம்பிள்டனில் டிராமுக்காகக் காத்து நின்றபோது வசந்தி அக்காவின் கணவர் யோகன் அண்ணை அழைத்தார். “வசந்தி எங்களை விட்டுட்டுப் போட்டா” என்றார். டிராம் வந்து போயிற்று; நான் ஏறவில்லை.

அக்காவை அறிந்த நீங்கள் எல்லோருமே அவரால் ஒரு ரயிலையாவது தவறவிட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ரஷ்யாவின் லெனின்கிராட்டுக்குப் போய்ப் பொறியியல் படித்தவர். பட்டத்தோடு அங்கிருந்து ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். பயணம் போகுமுன், கோட்டும் சப்பாத்தும் போட்ட பிறகு, எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வாசலில் டாக்சி ஹோர்ன் அடிக்கும். அக்கா சூட்கேசின் மேல் உட்கார்ந்தபடி, “கத்தாதை, இரு. மனமும் எங்களோட வெளிக்கிடவேணும்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லெனின்கிராட்டை இன்னொரு முறை பார்க்க அவருக்குத் தீராத ஆசை. முதலில் பிள்ளைகளின் படிப்பு தடுத்தது, பிறகு ரஷ்யா தொடங்கிய போர், பிறகு சிறுநீரகம். சென்ற குளிர்காலத்தில் லண்டன் மியூசியம் ஒன்றில் பழைய ரஷ்யப் பேரரசி ஒருவரையும் அவர் காலத்துக் கலைகளையும் பற்றிய கண்காட்சி வைத்தார்கள். “அங்கை போக ஏலாது. இங்கையாவது பாப்பம், கூட்டிக்கொண்டு போறியோ?” என்று கேட்டார். டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் போனோம்.

முதல் அறை வாசலில், சக்கர நாற்காலியில் இருந்தபடியே குனிந்து எதையோ தேடினார். சப்பாத்தைக் கழற்றப் போகிறார் என்று நினைத்து, “இது கோயில் இல்லை அக்கா” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதே? அங்கை அரண்மனைக்குள்ள சப்பாத்துக்கு மேல துணிச்செருப்புப் போட்டால்தான் விடுவினம். இங்கை அந்தச் செருப்புக் கூடையைக் காணேல்லை.” காவலுக்கு நின்ற பெண்ணிடமும் கேட்டே விட்டார்.

உள்ளே பேரரசியின் பெரிய ஓவியத்தைப் பார்த்து, “பவுடர் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். நீலப் பீங்கான் தட்டுகளுக்கு முன்னால் பகிடி நின்றுவிட்டது. விடுதிக் குளிருக்குத் தப்பி ஞாயிற்றுக்கிழமைகளில் அரண்மனை மியூசியத்துக்கு ஓடியதையும், இப்படியான தட்டுகளுக்கு முன்னால் நின்று அம்மாவை நினைத்து அழுததையும் சொன்னார்.

வெளியேறும் இடத்தில் நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு வாங்கு கிடந்தது. என் கையைப் பிடித்து எழும்பி, அதில் போய் உட்கார்ந்தார்.

“டாக்சி நிக்குது அக்கா. வீட்டாலை வெளிக்கிடேக்கைதானே இருக்கிறது?”

“ஓம். ஆனா இனி நான் அந்த ஊரைப் பாக்கமாட்டன். சொல்லிப்போட்டுப் போவம், இரு.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

இறுதிச் சடங்கு நாளில், வீட்டிலிருந்து சவப்பெட்டியை எடுக்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். யோகன் அண்ணை எழும்பவில்லை. “எல்லாரும் ஒருக்கா இருங்கோ. அவ பயணம் போறா” என்றார். அழுதுகொண்டு நின்ற சனம் கதிரையிலும் தரையிலுமாக உட்கார்ந்தது. பெட்டி எடுக்க வந்த வெள்ளைக்காரரும் விஷயம் விளங்காமலே மாடிப்படியில் உட்கார்ந்தார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு நிமிடம். காலையில் கோட்டைப் போட்ட பிறகு படியில் உட்காருகிறேன், பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டு. டிராம் போய்விடுகிறது. போகட்டும், அக்கா.