அன்செல்மோ இரவல் வாங்கிய கனவு

அன்செல்மோவைப் போல் பஸ் ஓட்ட எங்கள் பணிமனையில் ஆள் கிடையாது. இதை ஒரு மெக்கானிக் சொல்கிறேன், கவனியுங்கள். டிரைவரைப் புகழ்கிற மெக்கானிக்கை நீங்கள் எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் வண்டியின் கிளட்ச் ஒருநாளும் என் தலையில் விடிந்ததில்லை.

அப்படிப்பட்டவன் போன அக்டோபரில் மருந்துக்கடை முக்கில் திடீர் பிரேக் போட்டான். சைக்கிள்காரன் ஒருவன் சிவப்பு விளக்கை மதிக்காமல் குறுக்கே பாய்ந்துவிட்டு, கீறல்கூட இல்லாமல் போயே போய்விட்டான். பஸ்ஸுக்குள் நின்றிருந்த ஒரு அம்மாள் விழுந்து கை முறிந்தது. டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் மறுவாரம் அதே முக்கு வந்ததும் அன்செல்மோவின் கை நடுங்கி ஸ்டியரிங்கிலேயே விறைத்துப் போனது. நாற்பது பயணிகளோடு வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இறங்கி, நடந்தே பணிமனைக்கு வந்து சேர்ந்தான். கம்பெனி அவனை வண்டி கழுவப் போட்டது. மார்ச் கடைசியில் அதே தடத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் டிரைவர் வேலை அத்தோடு போச்சு.

புவெனஸ் அயர்ஸில் மனசுக்கு ஒரு தெரபிஸ்ட் இல்லாதவனை, முடிவெட்டிக்கொள்ளாதவனைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். பணிமனையில் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தெரபிஸ்ட் உண்டு. அன்செல்மோ மட்டும்தான், "அழறதுக்குப் பணம் கட்டுறீங்களேடா, வெக்கமா இல்ல?" என்று கேலி பேசித் திரிந்தவன். இப்போது அவனே நாங்கள் நாள்பூரா குடிக்கிற மாத்தே கஷாயத்தின் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு, உறிஞ்சாமல், மெதுவாகக் கேட்டான்: "உள்ள போனா எப்படிடா இருக்கும்?"

ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டோம்.

"அவங்க வாயே தொறக்க மாட்டாங்க. நீதான் பேசணும்" என்றான் டிக்கெட் பரிசோதகன் ரோகே. "மொத நாளே அழுது தொலைச்சிடாத. அப்புறம் வருஷம் பூரா என்னத்த அழுவ?"

"வெறுங்கையோட மட்டும் போவாத" என்றேன் நான். "ஒரு கனவாவது கொண்டு போ. அவங்க மொதல்ல கேக்கறதே அதத்தான்."

"நான் படுத்தா கட்டைடா, குண்டா. கனவுக்கு நான் எங்க போவேன்?"

பாவமாக இருந்தது. வியாழக்கிழமை என் தெரபிஸ்டிடம் சொல்லலாம் என்று நல்ல கனவு ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதை அவனுக்குத் தாரை வார்த்தேன். என் அப்பா ஒரு குதிரையைச் சமையலறைக்குள் கூட்டிவந்து, அதற்கு ஷூ தேடித் தரச் சொல்கிறார். வீடெல்லாம் தேடியும் மூன்றுதான் கிடைக்கிறது. இரண்டு தடவை ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்பினேன்.

தெரபிஸ்ட் பெயர் பெர்லா. அவளே கீழே இறங்கிவந்து தெருக்கதவைத் திறந்து, எங்கள் ஊர் வழக்கப்படி கன்னத்தில் முத்தம் கொடுத்து வரவேற்று, லிஃப்டில் நாலாவது மாடிக்கு அழைத்துப் போனாளாம். படுக்க சோபா கிடையாது, எதிரெதிரே இரண்டு நாற்காலிதான். அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிஷம், இங்கே பேசுவது வெளியே போகாது, கட்டணம் இவ்வளவு என்று அவள் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். "நாலு தடவை பேசிப் பாப்போம். எனக்கும் உனக்கும் ஒத்து வரலன்னா சொல்லிடு, நானே வேற ஆள் பேர் தரேன்" என்றாளாம். வாய் திறக்காதவளா இவள்? ரோகேயை நாங்கள் ஒரு வாரம் ஓட்டினோம்.

அன்செல்மோ உட்கார்ந்ததும் குதிரையை இறக்கிவிட்டான்.

மூன்று வாரம் அங்கே குதிரையைப் பற்றித்தான் பேச்சு. பெர்லா அப்பாவைப் பற்றிக் கேட்டால் இவன் என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு வருவான். வந்ததும் வண்டிக்கு அடியில் நான் வேலை பார்க்கும் குழிக்குள் எட்டிப் பார்த்து, "குண்டா, உங்கப்பா குடிப்பாராடா?" என்று கேட்பான். கை நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு உள்ளூரக் குற்ற உணர்ச்சி.

நாலாவது வாரம் பெர்லா கேட்டாள், "கிடைக்காத அந்த ஷூ முன்காலுக்கா, பின்காலுக்கா?"

"இருங்க, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றுவிட்டான் அன்செல்மோ.

சொன்ன பிறகுதான் உளறியது உறைத்தது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். விரட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தானாம். அவளோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அந்தக் கனவு கனவுக்காரன்கிட்டயே இருக்கட்டும். நீ என்ன கொண்டு வந்திருக்க, அன்செல்மோ?"

அவன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். நடுங்கிக்கொண்டிருந்தன.

அன்றுதான் எங்கள் யாருக்கும் சொல்லாததைச் சொன்னான். பிரேக் போட்டதும் பின்னால் அந்த அம்மாள் "டிரைவர்! டிரைவர்!" என்று கத்தியிருக்கிறாள். இவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. யாரையோ கொன்றுவிட்டோம் என்று நினைத்து, கண்ணை இறுக மூடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்த வெட்கம்தான் இத்தனை நாளாக அவன் கையைப் பிடித்து வைத்திருந்தது. இதைப் பிறகு எங்களிடம் சொன்னபோது அழுதான். நாங்களும் அழுதோம், ரோகே எல்லோரையும்விடச் சத்தமாக.

அதற்குப் பிறகும் மாயமந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. பெர்லா சொன்னபடி முதலில் அந்த முக்கில் போய்ச் சும்மா நின்றான். பிறகு பயணியாக அதைக் கடந்தான். பிப்ரவரிக் கோடை விடுமுறையில் எங்கள் ஊர் தெரபிஸ்டுகள் மொத்தமும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், ஊரே அநாதையாகத் திரியும். பெர்லாவும் போய்விட்டாள். அவனோ ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலி வண்டியில் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினான். இரண்டு தடவை முக்குக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டான். மூன்றாவது தடவை நின்று, மூச்சு விட்டு, போய்விட்டான்.

மார்ச் கடைசியில் அதிகாரியை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினான். பாஸ்.

மறுநாள் காலை பயணிகளோடு முதல் நடை. கால்பந்துக்குப் போவதுபோல் நாங்கள் முண்டியடித்து ஏறி, ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டோம். மருந்துக்கடை முக்கில் சிவப்பு விளக்கு விழுந்தது. நின்றான். பச்சை விழுந்தது. கை நடுங்கியது, என் கண்ணால் பார்த்தேன். நடுங்குகிற கையோடே திருப்பி, முக்கைக் கடந்து, நிறுத்தத்தில் பூப்போல நிறுத்தினான். நாங்கள் கோல் விழுந்த மாதிரிக் கத்தினோம்.

அன்செல்மோ எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இருக்கையில் முழுசாகத் திரும்பி, கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நாங்க நல்லாத்தான்யா இருக்கோம்!" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் கத்தினாள். "வேலைக்கு நேரமாச்சு, வண்டிய எடு!"

எடுத்தான்.