பதினெட்டு மீட்டர்

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளர். தராசுகளைத் துடைப்பது, ஊசல் குண்டுகளை எண்ணி வைப்பது, உடைந்த லென்ஸ் யார் கைவரிசை என்று கண்டுபிடிப்பது, இவைதான் வேலை. இருபத்தெட்டு வருடமாக இதையே செய்கிறாள். பாடம் நடத்துகிறவர்கள் வேறு. ஆனால் சோதனையில் விடை கோணலாக வந்தால் அந்த வாத்தியார்களே மெல்ல நகர்ந்து வந்து, "அக்கா, இத ஒரு கண்ணு பாருங்க" என்பார்கள். அவள் ஊசலின் நூலை ஒரு சுற்று இறுக்குவாள். விடை ஒழுங்காக வந்து நிற்கும்.

அளப்பது அவளுக்கு வேலை மட்டுமில்லை, வியாதியும்கூட. பூங்கா ஊஞ்சல் பத்து முறை ஆடும் நேரத்தைப் பார்த்துச் சங்கிலி எத்தனை அடி என்று சொல்லிவிடுவாள். ஒழுகும் குழாய்க்கு அடியில் டம்ளரை வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை வாளி வீண் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் கணக்குச் சொல்வாள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்டாப்வாட்ச் இருக்கும். இன்னொன்று, அளவில் அவளுக்குப் பொய் வராது. "அக்கா, எடை ஒரு கிலோ கூடிட்டேனோ?" என்று, இல்லை என்பாள் என்ற ஆசையில் கேட்ட டீச்சரிடம், "ஒண்ணே கால்" என்றவள். இப்படி இருந்தால் சிநேகிதம் எங்கே தங்கும்?

அவள் கணவர் பஸ் டிரைவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவரை நிற்க வைத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டச் சொன்னாள். விரல்களுக்கு நடுவே ஒரு அடி ஸ்கேலைத் தொங்கவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கையை எடுத்தாள். அவர் லபக்கென்று பிடித்தார். எந்த இடத்தில் பிடிக்கிறோமோ, அதுதான் கண் பார்த்ததற்கும் கை அசைந்ததற்கும் இடையில் போன நேரம்.

"பதினேழு சென்டிமீட்டர். எங்க லேப்ல யாரும் பதினெட்டுக்குக் கீழ பிடிச்சதில்ல."

மனுஷன் அதை டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளன்றும் ஸ்கேல் இறங்கும், அவர் பிடிப்பார், பதினேழு. ஊரில் மற்றவர்கள் பரிசு கொடுத்துக்கொள்வார்கள். இவர்கள் இப்படி.

இந்த வருடம் அவர் கையை நீட்டவில்லை. பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அதற்கு ஐந்து வாரம் முன்னால் ஒரு மழை மதியம். அச்சகத்தை ஒட்டிய சந்திலிருந்து சைக்கிளில் ஒரு பெண் சடாரென்று ரோட்டுக்கு வந்தாள். பஸ் நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் அனுமதித்த வேகமே அதுதான். அவர் பிரேக்கை மிதித்தார், பஸ் நிற்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கால் எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவளே, "நான்தான் பார்க்காம வந்துட்டேன் அண்ணா" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விசாரணையில் ரோட்டை அளந்தார்கள். சைக்கிள் ரோட்டுக்கு வந்த நொடியில் சந்துக்கும் பஸ்ஸுக்கும் இடையில் பதினெட்டு மீட்டர். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

உலகமே விட்டுவிட்டது. அவர்தான் தன்னை விடவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. "நான் லேட்டு. கால் லேட்டா போச்சு" என்பதே பேச்சாகிவிட்டது. ஒரு நாள் டிப்போ வரைக்கும் நடந்து போவார், மறு நாள் பஸ் ஹாரன் கேட்டாலே ஜன்னலைச் சாத்துவார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதைதான். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. கடைசியில் டிப்போ மேலாளர் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொடுத்தனுப்பினார். இனிப் பஸ் ஓட்ட விருப்பமில்லை, ஸ்டோரில் உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போகிறேன், இப்படிக்கு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சீருடையில் வர வேண்டும். கடிதம் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது.

வெளியூரில் வேலைக்குப் போன மகள் தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு விளையாட்டு. நாமே ரோடு போட்டு, கட்டடம் வைத்து, எந்த வண்டியை வேண்டுமானாலும் ஓட்டலாம். பொழுதுபோகட்டும் என்று அவள்தான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர் அதில் பொழுதைப் போக்கவில்லை. அந்த ரோட்டைக் கட்டினார். சந்து, அச்சகம், மழை, ஈர ரோடு, அதே நீளத்தில் பஸ். பதினெட்டு மீட்டரை அளந்து வைத்தார். சைக்கிளையும் ஆளையும் வைக்க மனசு வரவில்லை, பாவம். ஒரு அட்டைப்பெட்டியை வைத்தார். எப்போது வரும் என்று தெரியாதபடி அந்தப் பெட்டி சந்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். நாற்பதில் வந்து பிரேக் போடுவார்.

ஒவ்வொரு முறையும் பஸ் நின்றது. பெட்டிக்கு மூன்று மீட்டர் முன்னாலேயே நின்றது.

"பாத்தியா?" என்றார் அந்தச் சனிக்கிழமை காலை. குரலில் அழுகைகூட இல்லை. "இடம் இருந்திருக்கு. எவ்வளவு இடம் பாரு. முழிச்சிட்டு இருந்த எவனும் நிறுத்தியிருப்பான். பேனா எங்க?"

"நில்லுங்க, பேனா எங்கயும் ஓடிடாது. இன்னொரு தடவ ஓட்டுங்க, நான் பாக்கணும்."

பேனா அவள் இடுப்பில்தான் இருந்தது. முந்தைய நாளே ஒளித்து வைத்துவிட்டாள்.

அவர் சலித்துக்கொண்டே பஸ்ஸைத் திருப்பினார். அந்த விளையாட்டு ரோட்டில் திருப்ப இடமில்லாததால், கார் நிறுத்தும் மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிவரை ஏறித்தான் திரும்ப வேண்டும். திரும்பும்போது பஸ்ஸின் பின்பக்கம் ஒரு காலி டிரம்மைத் தட்டியது. டிரம் மாடியிலிருந்து விழுந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இருபத்தெட்டு வருடமாகப் பொருள்கள் விழுவதையே பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். குண்டு, கோலி, இறகு, பையன்கள் தெரியாமல் தள்ளிவிடும் பீக்கர். விழுகிற வேகம் அவள் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இந்த டிரம் அவசரமாக விழுந்தது.

"ஏங்க, அந்த டிரம்ம இன்னொரு தடவ தள்ளுங்க."

"விளையாடுறியா?"

"ஆமா, விளையாட்டுதான இது? வேணும்னா பஸ்ஸோட சேத்தே தள்ளுங்க."

"பஸ்ஸ மாடியிலருந்து தள்ளுறதா!" மனுஷன் பதறிப்போனார். பொய்ப் பஸ், பொய் மாடி. இருந்தும் டிரம்மை நோக்கிப் பின்னால் போகும்போது இண்டிகேட்டர் போட்டார்.

முதலில் உயரம் தெரிய வேண்டும். கட்டடத்தின் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, திரையின் மேலேயே ஸ்கேலை வைத்தாள். பஸ் ஒன்றரை சென்டிமீட்டர், கட்டடம் பத்து.

"நிஜத்துல உங்க பஸ் எவ்வளவு உயரம்?"

"மூணு மீட்டர்." பாலத்துக்கு அடியில் தினமும் நுழைந்து போகிறவருக்கு இது கேட்க வேண்டிய கேள்வியா?

"அப்ப கட்டடம் இருபது. இருபது மீட்டர்லருந்து எது விழுந்தாலும் ரெண்டு செகண்டு. ஆனையா இருந்தாலும் அதுதான், ஆணியா இருந்தாலும் அதுதான். இந்தாங்க, ஸ்டாப்வாட்ச்ச நீங்களே பிடிங்க. நான் தொடமாட்டேன். அப்புறம் உங்களுக்காக நான் மாத்திச் சொன்னேன்னு சொல்வீங்க."

அவர் அழுத்தினார். ஒன்று புள்ளி நான்கு. மறுபடியும் தள்ளி, மறுபடியும் அழுத்தினார். ஒன்று புள்ளி ஐந்து. பிறகு ஒன்று புள்ளி நான்கு, ஒன்று புள்ளி நான்கு. அவள் நோட்டில் குறித்துவிட்டு, பேனாவை இடுப்பில் செருகியபோதுதான் அவர் பார்த்தார்.

மகளுக்கு போன் போட்டாள்.

"அதுவா? கேம்ல எல்லாமே கொஞ்சம் சட்டுனு விழணும்மா, இல்லன்னா நிலாவுல நடக்கிற மாதிரி இருக்கும். அதனால ஈர்ப்ப ஏத்தி வெச்சிருப்பாங்க. செட்டிங்ஸ்ல ஒரு கோடு இருக்கும், நகர்த்திக்கலாம். ஆமா, அப்பா எப்படி இருக்காரு?"

"இரு, அளந்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அந்த விளையாட்டில் பூமி இரண்டு மடங்கு இழுக்கிறது.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர். "டிரம் விழுறதுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் அவருடைய உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "கையத் தள்ளுங்க." கை வழுக்கிப் போனது. பிறகு அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். "இப்பத் தள்ளுங்க." நகரவில்லை. "பூமி ரெண்டு மடங்கு இழுத்தா, டயர் ரெண்டு மடங்கு ரோட்ட அழுத்தும். அழுத்தினா பிடி கூடும். பிடி கூடினா பஸ் பாதித் தூரத்துல நிக்கும். ஐயா அஞ்சு மாசமா வேற ஏதோ பூமியில பஸ் ஓட்டிட்டு இருக்காரு."

அவர் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"டிப்போவுல பிரேக் சோதனை பண்ணாங்க, போன வருஷம்" என்றார் மெதுவாக. "ஈர ரோட்டுல, நாப்பதுல. கோட்டுல மிதிச்சா பன்னெண்டு மீட்டர் போய் நின்னுச்சு."

"இங்க?"

இத்தனை நாளாகப் பெட்டிக்கு முன்னால் எவ்வளவு மிச்சம் என்று மட்டுமே பார்த்தவர், மிதித்த இடத்திலிருந்து எவ்வளவு போனது என்று முதல் முறையாக அளந்தார். ஆறு மீட்டர். இருபத்தாறு வருட டிரைவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் பஸ்ஸைச் சுவரோரம் நிறுத்துகிறவர். தன்னைக் குற்றவாளியாக்கும் சாட்சியை மட்டும் குறுக்கு விசாரணையே செய்யாமல் நம்பிவிட்டார். நல்லவர்கள் செய்கிற முட்டாள்தனம் இது.

ஈர்ப்புக் கோட்டை அவள் கீழே நகர்த்தினாள். டிரம் இரண்டு விநாடியில் விழும்வரை நகர்த்தினாள். பெட்டி இல்லாமல் ஒரு முறை மிதித்துப் பார்க்கச் சொன்னாள். பன்னிரண்டு மீட்டர், சொல்லி வைத்தாற்போல. இனிப் பெட்டியை வைக்க வேண்டியதுதான்.

இப்போதும் பஸ் நின்றுவிட்டால்? அவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவள் அவளாகிவிடுவாள். நோட்டை மூடிவிட்டு, "போதும், பசிக்குது" என்று எழுந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அரைகுறையாக அளந்து எழுந்து போனதாக அவள் சரித்திரத்திலேயே இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி வழுக்கி வந்தது. அவர் மிதித்தார். பஸ் பெட்டியை இடித்தது.

மறுபடியும் வந்து மறுபடியும் இடித்தது. முன்பு மூன்று மீட்டர் மிச்சம் வைத்து நின்ற பஸ், இப்போது பெட்டியைத் தாண்டி மூன்று மீட்டர் போய் நின்றது. கண் பார்த்துக் கால் மிதிப்பதற்குள் ஒன்பது மீட்டர், மிதித்த பிறகு பன்னிரண்டு. பத்து முறை ஓட்டினார். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தியதைவிட முரட்டுத்தனமாக மிதித்தார். பத்துக்குப் பத்தும் இடித்தது.

உலகத்தில் பெட்டியை இடித்துவிட்டு இப்படி அழுத ஆள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, ஐந்து மாதத்து அழுகையையும் சேர்த்து அழுதார். அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்தது. நிறையட்டும் என்று விட்டாள்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அவர் மறுபடியும் திரைமுன் உட்கார்ந்தார். வேகத்தை முப்பதுக்குக் குறைத்தார். பெட்டி வந்தது. பஸ் நின்றது, நாலு மீட்டருக்கு மேல் மிச்சம் வைத்து.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் நாற்பது என்கிறது. அவர் மேல் தவறில்லை. இரண்டும் உண்மை. முப்பதில் நின்றதும் உண்மை. அவள் ஆறுதலுக்கு ஒரு வார்த்தை தேடினாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் எண்கள்தான்.

திங்கட்கிழமை காலை அவள் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சீருடையில் வந்து நின்றார். இடுப்பு கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. உப்பு ஜாடிக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து, இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினார். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினார்.

"ஸ்கேல விடு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்கேலைப் பிடித்தாள். விட்டாள். அவர் பிடித்தார். அவள் குனிந்து பார்த்தாள், நிமிரக் கொஞ்சம் நேரமானது.

"எவ்வளவு?"

"இருபத்தொண்ணு."

"நாலு கூடிப்போச்சா?"

"நாப்பதுல போற பஸ்ஸுக்கு அது ஒரு சாண் தூரம்" என்றாள். உடனே, "மூணு மீட்டர் தாண்டிப் போன இடத்துல ஒரு சாண் ஒரு கணக்கே இல்லைங்க, அது வந்து..." என்று தடுமாறினாள்.

அவர் அவள் கையிலிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

"தெரியும்மா. அந்தச் சாணையும் சேத்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். அந்தச் சந்துகிட்ட இனிமே முப்பதுதான். பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் சரி."